கைமாறிய ரத்த அழுத்தம்

பாதை அடைத்திருக்கும்போது ஒருநாளும் பச்சைக்கொடி காட்டாத ஸ்டேஷன் மாஸ்டர் அவர். ஓய்வுபெற்று ஒன்பது வருஷமாகியும் முதுகு வளையவில்லை.

அவர் மனைவிக்கு ரத்தக் கொதிப்பு. பேட்டை மருத்துவமனையில் ஒரு கைப்பட்டைக் கருவி கொடுத்திருந்தார்கள். காலை ஏழு மணிக்குச் சுற்றிப் பொத்தானை அழுத்தினால் அளவு தானாக நர்சின் திரைக்குப் போய்விடும். நூற்றெண்பதைத் தாண்டினால் மருத்துவமனை வண்டி வாசலுக்கே வரும்.

ஒருநாள் வந்தது. தெருவே எட்டிப் பார்த்தது. மகளுக்கு அப்போதுதான் நிச்சயமாகியிருந்தது. "சம்பந்தியம்மாவுக்கு என்ன கோளாறு?" என்று மாலையே மாப்பிள்ளை வீட்டிலிருந்து போன்.

மறுநாள் ஏழு மணிக்கு ஸ்டேஷன் மாஸ்டர் சட்டைக் கையை மடித்து, பட்டையைத் தன் கையில் சுற்றிக்கொண்டார்.

"என்னங்க, அது எனக்குக் கொடுத்தது."

"தெரியும். கல்யாணம் முடியட்டும். இந்த வீட்டுப் பேச்சு ஊர் வாயில விழ வேண்டாம்."

"ஒரே ராத்திரியில குணமாயிட்டேன்னு நர்சம்மா மயங்கி விழப்போறா," என்று அவள் சிரித்தாள்.

மாத்திரைதான் தவறாமல் சாப்பிடுகிறாளே என்று அவர் மனதைத் தேற்றிக்கொண்டார்.

நாற்பது நாள் அப்படியே போனது. நூற்றிருபத்தெட்டு, நூற்றிருபத்தாறு. நாற்பதாம் நாள் நர்ஸ் போன் செய்தாள்.

"ஐயா, அம்மாவோட அளவு தங்கமா இருக்கு. டாக்டர் மாத்திரையைப் பாதியாக் குறைச்சுட்டாரு."

அவர் வாயைத் திறந்தார். "சந்தோஷம்மா" என்பதுதான் வந்தது.

"பாதி போதுமாமா, உங்க ரத்தத்துக்கு?" என்றாள் மனைவி.

"கல்யாணத்துக்கு இன்னும் பதினோரு நாள்தானே."

அதிலிருந்து ஆறாம் நாள் அவளுடைய வலது கையும் காலும் விழுந்துவிட்டன. பேச்சும் நின்றது.

மருத்துவமனையில் டாக்டர் நர்சைப் பிடித்துக்கொண்டார். "இன்னிக்குக் காலையில கூட நூத்தி இருபத்தாறு! யாரோட அளவை இவங்க பேர்ல பார்த்துட்டு இருந்தே?"

"கருவி நம்பர் சரியாத்தான் சார் இருக்கு..." நர்ஸ் திரையைத் திருப்பிக் காட்டினாள்.

"இந்தப் பொண்ணைச் சும்மா விடக்கூடாது, சம்பந்தி. புகார் எழுதிக் கொடுங்க. வேலையே போகட்டும்," என்றார் மாப்பிள்ளையின் அப்பா.

வாயைத் திறக்காமல் இருந்தால் போதும், எல்லாம் அந்தப் பெண்ணோடு முடிந்துவிடும். ஸ்டேஷன் மாஸ்டருக்குப் பயமும் வரவில்லை, அழுகையும் வரவில்லை. யாரோ தள்ளி நின்று பார்ப்பதுபோல, தன் கை சட்டையை மடிப்பதைப் பார்த்தார்.

"அந்தப் பொண்ணு மேல தப்பில்லை. நாப்பத்தாறு நாளா போனது இந்தக் கையோட அளவு."

சம்பந்தி ஓரடி பின்வாங்கினார். மகள் சுவரைப் பார்த்தாள். நர்ஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டு படிவத்தில் எதையோ அடித்து எழுதினாள்.

அவர் கட்டிலருகே போய் உட்கார்ந்தார். மனைவி கண்ணைத் திறந்தாள். எழும்பும் இடது கையால், அவர் மடித்துவிட்டிருந்த சட்டைக் கையை மெல்ல மணிக்கட்டுவரை இழுத்துவிட்டாள். பொத்தானைப் போடப் பார்த்தாள். ஒரு கையால் முடியவில்லை.

அவர் கையை நீட்டியபடியே இருந்தார்.