நான்கு விநாடிக் காற்று

மணியத்தின் வலது கையில் மூன்று விரல்கள் மடங்காது. அதற்குக் காரணம் நியாலாஸ் ஊர்க் காளிமுத்து. போன வருஷம், தொண்ணூற்றைந்து கடைசியில், கார் பந்தயத்தில் தோற்ற ஆத்திரத்தை அவன் தன் மெக்கானிக்கான மணியத்தின் மேல் காட்டினான். கையைக் காரின் பானெட்டின் மேல் வைக்கச் சொல்லி வீல் ஸ்பானரால் மூன்று அடி அடித்தான். அடிக்கு ஒரு விரல். அந்த விஷயத்தில் ஆள் ரொம்பச் சுத்தம். ஆஸ்பத்திரியில் கேட்டபோது ஜாக் நழுவிவிட்டது என்று மணியம் சொன்னான். வேறு என்ன சொல்வான், பெண்டாட்டி பிள்ளையோடு அதே ஊரில் இருக்க வேண்டாமா?

இப்போது அதே காளிமுத்து, மலாக்கா டவுனை ஒட்டிய பத்து பெரண்டாமில் மணியத்தின் தம்பி தங்கையா வைத்திருந்த பட்டறைக்கு வந்து நின்றான்.

"மிதிச்சா காடி யோசிக்குது லா. அது யோசிக்கக் கூடாது."

காரைப் பற்றி அவன் சொன்னது உண்மைதான். காருக்கு வேகம் கூட்டும் டர்போவைச் சுற்றுவது எஞ்சின் வெளியே தள்ளும் புகை. எஞ்சின் மெதுவாக ஓடும்போது புகைக்கு வேகம் இருக்காது. பெடலை அழுத்தினால் புகை பெருகி, டர்போ சுழன்று, காற்றை உள்ளே திணிப்பதற்குள் ஒரு மூச்சு நேரம் போய்விடும். பந்தயத்தில் அந்த ஒரு மூச்சில் எதிராளி இரண்டு கார் தூரம் போய்விடுவான்.

"கரண்டுல சுத்தற ப்ளோவர் ஒண்ணு வைக்கலாம். டர்போ முழிச்சிக்கற வரைக்கும் அது காத்து குடுக்கும்" என்று தங்கையா சொல்லிவிட்டான். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். எட்டு வருஷம் ஃபேக்டரியில் மோட்டாருக்குக் கம்பிக் காயில் சுற்றியவன், அதனால் பேச்சு வந்துவிட்டது.

"வையி. ஜெயிக்கலைன்னா ஒங்கண்ணன் கை மாரிதான் ஒங்கையும்."

மூன்று வாரம் தங்கையா சரியாகச் சாப்பிடவில்லை. பழைய டர்போ ஒன்றின் விசிறியை எடுத்தான். ஒரு ஸ்டார்ட்டர் மோட்டாரைப் பிரித்துத் தன் கையாலேயே தடித்த கம்பி சுற்றினான். டிக்கியில் இரண்டு லாரி பேட்டரிகளை வரிசையாகக் கோத்தான். இடப்பக்க ஹெட்லைட்டைக் கழற்றிவிட்டு அந்த ஓட்டையில் ப்ளோவரின் வாயை வைத்து, வலை அடித்து மூடினான். முதல் முறை சுவிட்சைத் தட்டியபோது அது வீறிட்டு இழுத்த இழுப்பில் மேஜை மேலிருந்த காகிதமெல்லாம் வலையில் போய் ஒட்டிக்கொண்டது. பயத்தை மறந்து அவன் சிரித்தான். அவன் வாழ்க்கையில் செய்த வேலையிலேயே அதுதான் நல்ல வேலை.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு, நியாலாஸ் தாண்டி செம்பனை மரங்களுக்கு நடுவே நேராக ஓடும் தோட்டத்துச் சாலையில் பந்தயம். எதிராளி லூபோக் சீனா ஊர்க்காரன் ஃபிரெடி. தம்பியைத் தனியே விட மனமில்லாமல் மணியமும் வந்திருந்தான்.

"நாலு விநாடிக்கு மேல சுவிட்சு போடாதீங்கண்ணே. காயில் கருகிரும். ஓடறப்ப மட்டும்தான் போடணும்" என்று தங்கையா மூன்றாவது முறையாகச் சொன்னான். காளிமுத்து கேட்டுக்கொண்டதாகத் தெரியவில்லை. குனிந்து ப்ளோவர் வாயைப் பார்த்தான். இரண்டு விரலை விட்டு வலையைப் பிடுங்கி எறிந்தான்.

"காத்த மறைக்குது."

"வலை வேணும்ணே, எதாச்சும் உள்ள போயிரும்..."

அறை விழுந்தது. கீழுதடு கிழிந்து வாய்க்குள் உப்புக் கரித்தது. சுற்றி நின்றவர்களில் சிலர் சிரித்தார்கள். முப்பத்திரண்டு வயது ஆள் தங்கையா, அண்ணன் முன்னால் அடி வாங்கி நின்றான். மணியம் தலையைக் குனிந்துகொண்டான். அந்தக் குனிவு தங்கையாவுக்கு அறையை விட அதிகமாக வலித்தது.

காளிமுத்து எப்போதும் போல முனியாண்டி கோயில் மாலையைப் பானெட்டின் மேல் போட்டு எலுமிச்சம்பழத்தை நசுக்கினான். மாலையை ஓட்டுகிறவனே போடுவான். பந்தயம் முடியும்வரை வேறு யார் கையும் அதில் படக்கூடாது. போன தடவை தெரியாமல் தொட்டவன் ஒரு பல்லை இழந்தான். முன்பெல்லாம் மாலையை வாழைநாரில் கட்டுவார்கள், இழுத்தால் அறுந்துவிடும். இப்போது கோயில்காரர்கள் நைலான் கயிற்றுக்கு மாறிவிட்டார்கள்.

கார் தொடக்கக் கோட்டுக்கு உருண்டு வந்தபோது மாலை சரிந்தது. அதன் ஒரு வளைவு ப்ளோவரின் வாய்க்கு நேரே தொங்கியது.

தங்கையா அதைப் பார்த்தான். சொல்ல வாய் திறந்தான். உதடு எரிந்தது. மூடிக்கொண்டான். தொங்கட்டும் என்று நினைத்தான். நூறு பேர் பார்க்க இவன் போட்ட மாலையே இவன் காரைக் கெடுக்கட்டும். அப்போது என் கையை எந்த நியாயத்தில் கேட்பான்? அந்த நினைப்பு அவனுக்கு இனித்தது.

"என்னா முத்து, முடி காய வைக்கற மெஷினா?" என்று ஃபிரெடி பக்கத்துக் காரிலிருந்து கேலி செய்தான். கூட்டம் சிரித்தது. காளிமுத்துவுக்கு அது பொறுக்கவில்லை. கார் நின்றபடியே சுவிட்சைத் தட்டினான்.

ப்ளோவர் வீறிட்டது. மாலை ஒரே இழுப்பில் உள்ளே போனது, சத்தம் முக்கலாக மாறியது. இடப்பக்கம் நின்ற மணியம் அதைக் கண்டான். ப்ளோவர் போனால் தம்பியின் கை போகும், அவனுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். பாய்ந்து இடது கையால் கயிற்றைப் பிடித்து இழுத்தான். நைலான் அறுபடவில்லை. விரல்களில் சுற்றிக்கொண்டு கையோடு உள்ளே இழுத்தது.

மணியம் போட்ட சத்தத்தைவிட எஞ்சினின் உறுமல் பெரிதாக இருந்தது. காளிமுத்து எதிரே பார்த்துச் சிரித்தபடி ஆக்சிலரேட்டரை மிதித்துக்கொண்டிருந்தான். பூவும் ரத்தமும் பானெட்டின் மேல் தெறித்தன. தங்கையா கையிலிருந்த ஸ்பானரோடு ஓடி, டிக்கியைத் திறந்து பேட்டரி வயரை அடித்துப் பிடுங்கினான். பிறகு முன்னால் வந்து, தான் சமன் பார்த்துப் பொருத்திய விசிறியைத் தன் விரலாலேயே பின்பக்கமாகச் சுற்றி அண்ணன் கையை வெளியே எடுத்தான். ஆள்காட்டி விரலும் நடுவிரலும் வரவில்லை.

காளிமுத்து இறங்கி வந்து முதலில் காரைப் பார்த்தான்.

"சாமி மாலைய தொட்டான், போச்சு. சரி, ஒங்கை எனக்கு வேணாம். ஒங்கண்ணன் குடுத்துட்டான்."

தங்கையாவின் கையில் இன்னும் ஸ்பானர் இருந்தது. காளிமுத்துவின் வாயிலேயே அடித்தான். பல் உடையும் சத்தம் கேட்டது. விழுந்தவன் மேல் உட்கார்ந்து மறுபடி அடித்தான், மூக்கு இருந்த இடம் தெரியாமல் போகும்வரை அடித்தான். காளிமுத்துவின் ஆட்கள் தங்கையாவின் விலாவில் உதைத்துப் புரட்டினார்கள். ஃபிரெடியின் ஆட்கள் குறுக்கே விழுந்து, அண்ணன் தம்பி இருவரையும் இழுத்து வேனில் போட்டார்கள்.

மலாக்கா ஆஸ்பத்திரிக்கு முக்கால் மணி நேரம். தங்கையாவின் சட்டையைச் சுற்றிய கையை மார்போடு வைத்துக்கொண்டு மணியம் கிடந்தான். முகம் வெளுத்திருந்தது.

"ஒங்கை நல்லாருக்காடா?"

"நல்லாருக்குண்ணே."

"அது போதும் லா. மாலை தொங்குனத ஒருத்தனும் பாக்கல. நானே கடைசிலதான் பாத்தேன். நீ பாத்திருந்தா சொல்லிருப்ப."

"ஆமாண்ணே" என்றான் தங்கையா.