ஒன்றரையில் நிற்க வேண்டிய முள்

1
இந்தக் கதை எனக்குத் தோன்றியதல்ல. துருக்கியின் குளிரூரான எர்ஸுரூமில், எங்கள் வீட்டைச் சூடாக்கும் பாய்லரைப் பார்க்க வந்த செலாமி மேஸ்திரி, மாடிவீட்டில் நடந்ததைச் சொன்னார், நான் எடுத்துக்கொண்டேன். நான் எழுதிய முதல் வரி: ‘மானுட இருப்பின் கசிவை எந்தக் குழாய் தாங்கும்...’

படித்துக் காட்டினேன். “எந்தக் குழாய்? சுடுதண்ணி போறதா, திரும்பி வர்றதா?” என்றார்.

அந்த வரியை அடித்துவிட்டேன்.

2
மாடியில் நெஸ்ரின் அக்கா. சமையலறைச் சுவரில் பாய்லர். அதன் மூட்டில் சொட்டு, கீழே காலித் தயிர் வாளி. கணவர் ராசிம், ஓய்வுபெற்ற பூகோள வாத்தியார். பத்து வருஷம் தினமும் காலையில் வால்வைத் திறந்து, கசிவில் இறங்கிய பிரஷர் முள் ஒன்றரைக்கு ஏறும்வரை தண்ணீர் விட்டார், அணையைத் திறந்துவைக்கும் மந்திரியின் தோரணையில். (அவரைக் கேலி செய்வது எளிது. போன ஜனவரியில் இறந்துவிட்டார்.) பிறகு அவள் தண்ணீர் விட்டாள். ஒரு நாள் தவறவில்லை.

3
செலாமி மூட்டோடு வால்வையும் கழற்றினார். கறுப்புச் சேறு கொட்டியது. கசிவு வெறும் வாஷர் கோளாறு. ஆனால் தினமும் ஏற்றிய புதுத் தண்ணீர் தினமும் புதுக் காற்றையும் கொண்டுபோய், உள்ளே இரும்பையெல்லாம் துருவாக்கியிருந்தது. பாய்லர் இனித் தேறாது. புதுசுதான் போட வேண்டும் என்பதை மட்டும் சொன்னார்.

“சொட்டினப்பவே கூப்பிட்டிருக்கலாமேக்கா.”

“எங்க விட்டார்? வாத்தியார் வீட்டுக்கு மேஸ்திரி எதுக்குன்னார்.”

“எங்க மாமாவும் இப்படித்தான். பல்லையே தானா புடுங்கிக்கிட்டார். நல்ல பல்லை.”

சிரித்தாள். சேற்றைப் பார்த்ததும் நிறுத்தினாள்.

“நாங்க தண்ணி ஏத்தினதாலயா இப்படி ஆச்சு? அவர் செஞ்சதுல எனக்குப் புரிஞ்ச வேலை இது ஒண்ணுதான் மேஸ்திரி.”

4
முடிவு அ: “ஆமாக்கா” என்கிறார். அவள் தன் கையைப் பார்க்கிற— (எழுத முடியவில்லை.)

முடிவு ஆ: “இல்லக்கா, அதாலதான் இத்தனை வருஷம் ஓடிச்சு.” ஜன்னலில் பனி. (பனியை எடுத்துவிட்டேன். பொய்க்கு அலங்காரம் வேண்டாம்.)

நிஜத்தில் என்ன சொன்னீர்கள் என்று நான் கேட்டதற்குச் செலாமி, “டீ ஆறுது, குடிங்க” என்றார்.

5
அவள் டீ வைக்கிறாள். அவர் ஊர் வழக்கப்படி சர்க்கரைக் கட்டியைக் கன்னத்தில் அடக்கி ஒரு வாய் குடிக்கிறார். கட்டி கரையும்வரை அவள் அவசரப்படுத்த மாட்டாள். அவள் கை பழக்கத்தில் வால்வைத் தேடிப் போகிறது. அது கழன்று தரையில் கிடக்கிறது.

கட்டி கரையக் கரைய அவர் கன்னம் வற்றிக்கொண்டு வருகிறது. படிக்கிறவரே, அவள் கேட்டதற்கு இனி நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும். எதைச் சொன்னாலும் அவள் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள். நான் வாளியைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.