பால்கனியில் அறுபது பேர்

வாரத்தில் ஆறு நாளும் அவள் காதில் யந்திரச் சத்தம்தான். மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் பதினெட்டு வருட வேலை. ஈரமான படுக்கை விரிப்பை ஒருத்தி சூடான உருளைக்குள் விட, மறுபக்கம் இவள் பிடித்து இழுத்து மடிக்க வேண்டும். உருளையின் பேரிங் தேய ஆரம்பித்தால் மெக்கானிக்குக்கு முன்னால் இவளுக்குத் தெரிந்துவிடும். "கொஞ்சம் நிறுத்துங்க, உள்ள ஏதோ கடிக்குது" என்பாள். பிரித்துப் பார்த்தால் கடித்துக்கொண்டுதான் இருக்கும்.

ஏழாம் நாள் பாட்டு. கோயிலின் பின்பக்கப் பால்கனியில் நிற்கும் பாடகர் குழுவுக்கு அவள்தான் தலைவி. சபையில் பெரியவர் சிறியவர் எல்லாருக்கும் அவள் பாட்டக்கா. அவளுடைய இயற்பெயர் ஞானஸ்நானப் பதிவேட்டில் மட்டும் பத்திரமாக இருப்பதாகப் போதகர் ஒருமுறை கேலி செய்தார்.

அவள் கணவர் கொத்தனார். அவரும் ஞாயிறு தவறாமல் வருவார். கதவோரக் கடைசி பெஞ்சில் உட்காருவார். பாட மாட்டார், கை தூக்க மாட்டார், ஆமென் கூட முனகலாகத்தான் வரும். கடன் கேட்கப் பக்கத்து வீட்டுக்கு வந்தவர் போலச் சங்கடமாக உட்கார்ந்திருப்பார். அவள் அதைப் பெரிதுபடுத்தியதில்லை. வீட்டுக்கு ஒருவர் சத்தம் போட்டால் போதும் என்று விட்டிருந்தாள்.

ஆனால் யாரிடமும் சொல்லாத ஒன்று அவளிடம் இருந்தது. ஒரு வருடமாகப் பாடும்போது அவளுக்கு அவள் குரல் மட்டும்தான் கேட்டது. போனில் மூச்சு விடாமல் பேசிக்கொண்டே போய், லைன் எப்போதோ துண்டித்துப்போனதைப் பிறகு கண்டுபிடிப்போமே, அப்படி. புதிய ஒலிபெருக்கிகள் வந்திருந்தன. குளிர்சாதனம் வந்திருந்தது. எந்த வரியில் கை உயர வேண்டும் என்று கீபோர்டுக்காரர் தலையசைப்பில் சொல்வார். அறுநூறு கைகள் உயரும். அவளுடையதும் உயரும். உயர்ந்த கையைப் பார்த்து அவளுக்கே வெட்கமாக இருக்கும். இன்னும் உரக்கப் பாடினால் அந்த மறுபக்கச் சத்தம் திரும்ப வருமோ என்று உரக்கப் பாடினாள். வரவில்லை.

அந்தச் சமயத்தில்தான் சபைச் செயலர் பாட்டுப் பதிவை அறிவித்தார். செயலர் அவளுடைய சொந்த அண்ணன். குளிர்சாதனமும், பால்கனிக்கு அடியில் வெள்ளைப் பலகைக் கூரையும் அவர் முன்னின்று செய்தவை. இப்போது வேறு இரண்டு சபைகளிலிருந்தும் பாடகர்களை வரவழைத்து, ஆராதனையிலேயே பதிவு செய்வதாகத் திட்டம். வழக்கமாக இருபத்தைந்து பேர் நிற்கும் பால்கனியில் அறுபது பேர்.

பதிவுக்கு ஒரு வாரம் இருக்கும்போது சாப்பாட்டு மேசையில் கொத்தனார் கையைத் தட்டிலேயே வைத்துக்கொண்டு கேட்டார்.

"அறுபது பேருமா மேல நிக்கப் போறாங்க?"

"ஆமா. ஏன்?"

"வேணாம்மா."

"என்ன வேணாம்? ஆறு மாசமா உயிரைக் கொடுத்துப் பழகிட்டு இருக்கோம்."

அவர் தயங்கித் தயங்கிச் சொன்னார். நான்கு மாதத்துக்கு முன்னால், தான் உட்காரும் இடத்துக்கு மேலே கூரைப் பலகை ஒன்று கொஞ்சம் இறங்கியிருப்பதைப் பார்த்தாராம். ஒரு சனிக்கிழமை ஏணி போட்டுப் பலகையைத் தள்ளிப் பார்த்தால், பால்கனியைத் தாங்கும் பீமில் விரிசல். ஏசிக் குழாய்க்காகப் பீமைத் துளைத்த இடத்திலிருந்து சாய்வாக மேலே ஏறியிருந்தது. விரிசலின் குறுக்கே சிறிய கண்ணாடித் துண்டை வைத்து சுண்ணப்பசையால் ஒட்டிவிட்டு வந்தாராம்.

"விரிசல் பழசுன்னா கண்ணாடி அப்படியே இருக்கும். ஓடிட்டு இருக்குன்னா கண்ணாடி உடையும்."

"சரி, உடைஞ்சுதா?"

"மூணு வாரத்துல உடைஞ்சுது. வேற ஒட்டினேன். அதுக்கப்புறம் ஒட்டினதெல்லாம் பத்துப் பத்து நாள்ல. போன சனிக்கிழமை ஒட்டினது, மறுநாள் ஞாயிறு ஆராதனை முடிஞ்சு போய்ப் பார்த்தப்பவே ரெண்டா இருந்துச்சு."

அவள் கையில் இருந்த கரண்டி நின்றது. பிறகு கோபம்தான் வந்தது. "இத்தனை மாசமா ஜெப நேரத்துல நீங்க மேல பார்த்துட்டு இருந்தது இதுக்குத்தானா? நான் கூட மனுஷன் மாறிட்டாருன்னு நெனச்சேன்."

"உங்க அண்ணன்கிட்ட ரெண்டு தடவை சொல்லிட்டேன்."

"என்ன சொன்னாரு?"

"ஏசிக் குளிருக்குக் கண்ணாடி தானா உடையும்னாரு. விசுவாசம் இல்லாதவன் கண்ணுக்கு விரிசல்தான் தெரியும்னும் சொன்னாரு."

அவள் அண்ணனுக்குப் போன் செய்தாள். "பொறியாளரை வெச்சுப் பார்த்தாச்சு, நீ பாட்டைப் பாரு" என்றார். அந்த ஒரு வாக்கியத்தை அவள் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். அவளுக்கு அந்த ஞாயிறு வேண்டியிருந்தது. அறுபது குரல் சேர்ந்து எழும்பினால், அந்த மறுபக்கம் யாராவது எடுத்துப் பேசாமல் போவார்களா?

அந்த வாரம் கொத்தனார் போதகரையும் போய்ப் பார்த்தார். போதகர் வந்து எட்டு மாதம்தான் ஆகியிருந்தது. கவலையோடு கேட்டுவிட்டு, "பொறியாளர் பார்த்துட்டதாச் செயலர் சொல்றாரேங்க" என்றார். அத்தோடு நின்றது.

ஞாயிற்றுக்கிழமை கோயில் நிரம்பி வழிந்தது. பால்கனியில் நெருக்கி நின்ற அறுபது பேரும் வெள்ளை உடை. கால் வைக்க இடமில்லாமல் சிரித்துக்கொண்டார்கள். கீழே கதவோரத்தில் கணவர் நிற்பதை அவள் பார்த்தாள். அன்று அவர் உட்காரவே இல்லை. இரட்டைக் கதவின் இரண்டு பக்கத் தாழ்ப்பாளையும் எடுத்து, கதவு மூடிவிடாதபடி செங்கல் வைத்துக்கொண்டிருந்தார். யாரோ, "என்ன கொத்தனாரே, காத்து வரலையா?" என்று கேட்டதற்குத் தலையை மட்டும் ஆட்டினார்.

முதல் பாட்டு நன்றாகப் போனது. இரண்டாவது பாட்டின் பல்லவியில் எல்லாரும் காலைத் தட்டித் தாளம் போட வேண்டும். அப்படித்தான் பழகியிருந்தார்கள். மூன்றாவது முறை பல்லவி திரும்பியபோது அவளுக்கு அது கேட்டது.

காதில் விழுந்தது என்று சொல்ல முடியாது. செருப்பில்லாத உள்ளங்காலில் வந்தது. ஒரு கடி. தாளத்துக்கு வெளியே, சின்னதாக. அடுத்த தட்டில் இன்னொன்று. அவள் ஒரு கையைக் கைப்பிடிச் சுவரில் வைத்தாள். சுவர் நடுங்கியது, சலவைக்கூடத்து உருளை பழுதாகும் முன் நடுங்குவதைப் போல. கைப்பிடிச் சுவரும் பக்கத்துச் சுவரும் சேரும் மூலையிலிருந்து மாவு போல வெள்ளையாகத் தூசி உதிர்ந்து ஒரு பாடகியின் தோளில் விழுந்தது. அந்தப் பெண் கவனிக்காமல் பாடிக்கொண்டிருந்தாள்.

பாட்டக்காவின் வாய் இன்னும் பாடிக்கொண்டிருந்தது. பாட்டு அப்போதுதான் உச்சத்துக்குப் போகிறது. ஒரு வருடமாகக் காத்திருந்த இடம். பதிவு ஓடிக்கொண்டிருந்தது. முன்வரிசையில் சிலர் அழுதுகொண்டிருந்தார்கள். இன்னும் இரண்டு நிமிடம், பாட்டு முடிந்ததும் மெதுவாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று உள்ளே ஒன்று பேசியது. அது பக்தி போலவே பேசியது. அதுதான் அவளைப் பயமுறுத்தியது.

அவள் இரண்டு கைகளையும் உயர்த்தி, விரல்களை மூடிப் பாட்டை அறுத்தாள்.

அறுபது வாயும் நின்றன. கீபோர்டு நான்கு சுரம் தள்ளி நின்றது. கீழே அறுநூறு முகங்கள் திரும்பி மேலே பார்த்தன.

"யாரும் காலைத் தட்டாதீங்க" என்றாள். மைக் அதையும் ஊருக்கெல்லாம் சொன்னது. "மேல இருக்கறவங்க ஒவ்வொருத்தரா இறங்குங்க. ஓடாதீங்க. சேர்ந்து அடி எடுத்து வைக்காதீங்க. கீழ பின்னால உக்காந்திருக்கறவங்க எழுந்து வெளிய போங்க. தயவு செஞ்சு."

முதலில் கொத்தனார்தான் கடைசி பெஞ்சிலிருந்து ஒரு கிழவரைத் தூக்கி நிறுத்தினார். அதைப் பார்த்துப் போதகர் பலிபீடத்திலிருந்து இறங்கினார். "அக்கா சொல்றபடி செய்யுங்க" என்றார்.

படிக்கட்டு குறுகலானது. ஒருவர் பின் ஒருவராக அறுபது பேர் இறங்குவதற்குள் அவளுக்கு ஒரு ஆயுள் போய் வந்தது. தலைவி என்பதால் கடைசியாக இறங்கினாள். ஒவ்வொரு தலை படியில் மறையும்போதும், காலுக்கடியில் அந்தக் கடி. அந்நேரம் அவள் ஜெபம் எதுவும் செய்யவில்லை. சொற்களே இல்லை. ஆனால் மறுபக்கம் யாரோ இருந்தார். அதில் எந்த ஆறுதலும் இல்லை. மிக அருகில், மிகப் பெரிதாக, அவளைப் பார்த்துக்கொண்டு இருந்தார்.

வெளியே வந்தபோது முற்றம் முழுக்க ஜனம். முணுமுணுப்பு ஆரம்பித்திருந்தது. ஆராதனையைக் கெடுத்துவிட்டாள் என்றார் ஒருவர். புருஷன் பேச்சைக் கேட்டு ஆடுகிறாள் என்றார் இன்னொருவர். அவள் கணவரைத் தேடினாள், காணவில்லை. அண்ணனையும் காணவில்லை.

கதவருகே ஓடிப் பார்த்தாள். காலிக் கோயிலில், பால்கனிக்கு நேர் கீழே, கடைசி பெஞ்சில் அண்ணன் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் கொத்தனார். இருவர் தலைக்கு மேலும் வெள்ளைப் பலகைகள் ஒன்றிலிருந்து ஒன்று விலகிக்கொண்டிருந்தன.

"எல்லாரும் ஓடுங்க. நான் வர மாட்டேன். என் ஆண்டவர் வீட்டுல எனக்கு என்ன பயம்?" என்றார் அண்ணன்.

"சரி மச்சான். நீங்க எப்ப எழுந்திரிக்கிறீங்களோ, அப்ப நானும் எழுந்திரிக்கிறேன். அவசரம் இல்ல."

"நீ ஏன்யா உக்காந்திருக்கே? உனக்குத்தான் பயமாச்சே!"

"ரொம்பப் பயமாத்தான் இருக்கு. வேட்டி நனையாம இருந்தா அதிசயம்" என்றார் கொத்தனார்.

அவள் உள்ளே நடந்தாள். அண்ணனுக்கு மறுபக்கம் உட்கார்ந்தாள். பெஞ்ச் முனகியது.

"ஏய், நீ வெளிய போ! பைத்தியமா உனக்கு?"

"நீ வந்தா வரேன்ணா."

மேலே ஏதோ நெரிந்தது. சுண்ணாம்புத் தூள் அண்ணனின் வழுக்கைத் தலையில் உதிர்ந்தது. அவர் அதைத் துடைக்கவில்லை. கட்டிய கை தானாக அவிழ்ந்தது.

"அவன் அன்னைக்கே சொன்னான்" என்றார், யாரையும் பார்க்காமல். "குழாய்க்குத் துளை போட்டவன். உள்ள ரெண்டு கம்பி அறுந்துடுச்சு, ஆளை வெச்சுப் பாருங்க சார்னான். நான்தான் மூடுடான்னு சொல்லிட்டேன். பொறியாளர் யாரும் வரலை. ஒவ்வொரு ஞாயிறும் இங்க நின்னு, தாங்கணும் ஆண்டவரே, தாங்கணும்னு வேண்டிட்டே இருந்தேன். அதைத்தான் நான் ஜெபம்னு..." அவர் வாய் கோணியது.

"எழுந்திருங்க மச்சான். வெளிய வந்து சொல்லுங்க" என்றார் கொத்தனார்.

இருவரும் ஆளுக்கொரு பக்கம் தாங்க, அண்ணன் எழுந்தார். ஓடவில்லை. மூன்று பேரும் மெதுவாக நடந்து செங்கல் வைத்த கதவைத் தாண்டினார்கள்.

பிறகு கால் மணி நேரம் ஒன்றும் நடக்கவில்லை. அந்தக் கால் மணி நேரம்தான் கொடுமை. வெயில் ஏறியது. சிலர் வண்டியைக் கிளப்பினார்கள். உள்ளே விட்ட கைப்பையை எடுத்து வருகிறேன் என்று கிளம்பிய ஒருத்தியைப் போதகர் கையைப் பிடித்து நிறுத்திக்கொண்டிருந்தபோது பால்கனியின் வலது முனை இறங்கியது.

இடி போல இருக்கவில்லை. பெரிய மிருகம் ஒன்று மண்டி போடுவதைப் போல நிதானமாக இறங்கி, பிறகு மொத்தமாக விழுந்தது. கதவு வழியே வெள்ளைப் புகையாகத் தூசி வந்து முன்னால் நின்றவர்களை மூடியது. தூசி அடங்கியபோது கடைசி ஐந்து பெஞ்சுகள் இல்லை.

யாரும் அலறவில்லை. அறுநூறு பேரும் நின்றார்கள். மைக் இல்லை, திரையில் வரி இல்லை, தலையசைக்க யாரும் இல்லை. ஒருவர் முழங்கால் போட்டார். பிறகு இன்னொருவர். மண் தரையில் கல் குத்த எல்லாரும் முழங்காலில் நின்றார்கள். செயலர் மட்டும் நின்றுகொண்டு, கம்பி அறுந்த கதையை முதலிலிருந்து கடைசிவரை எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார். சொல்லிவிட்டு அவரும் மண்டியிட்டார்.

கோயில் பூட்டப்பட்டது. பார்க்க வந்த பொறியாளர் மற்றப் பீம்களையும் நம்ப முடியாது என்றார். சபை இப்போது ஒரு பழைய பள்ளிக்கூடத்து நடைகூடத்தில் கூடுகிறது. பாதிப் பேர் வேறு கோயில்களுக்குப் போய்விட்டார்கள். அவள் அண்ணன் பொறுப்பிலிருந்து விலகினார். விசாரணை நடக்கிறது, எப்படி முடியும் என்று தெரியவில்லை.

பாட்டக்கா குழுவை நடத்துவதில்லை. கொத்தனார் பக்கத்தில் பாயில் உட்கார்ந்து, மற்றவர்களோடு சேர்ந்து தாழ்ந்த குரலில் பாடுகிறாள். போதகர் பிரசங்கத்துக்கு முன் ஒரு நீண்ட மௌனம் வைக்கிறார். அதற்குள் போகும்போது அவளுக்கு இன்னும் உள்ளங்கால் கூசுகிறது. அந்த அருகாமை வருகிறது. பழைய பாட்டுகளில் வந்ததைப் போல இனிமையாக இல்லை. அடுத்து அது தன்னிடம் என்ன கேட்கும் என்று தெரியாமல் உட்கார்ந்திருப்பாள்.

"பயமா இருக்குங்க" என்று ஒரு ஞாயிறு வீடு திரும்பும்போது சொன்னாள்.

"எனக்கு முதல்லேருந்தே அப்படித்தான்" என்றார் கொத்தனார். "அதனாலதான் கதவோரம் உக்காருவேன்."

அவள் சிரிக்கப் பார்த்தாள். அவர் சிரிக்காமல் நடந்துகொண்டிருந்ததால் அவளும் கூடவே நடந்தாள்.