உருண்டைக்குத் திரும்பாத துளி

கல்யாணத்துக்கு முன்பே அவர் அவளுக்கு ஆராய்ச்சி வழிகாட்டி. அவருடைய மகனைக் கட்டிக்கொண்ட பிறகு மாமனாரும் ஆனார். ஆய்வகத்தில் சார், வீட்டில் மாமா. ஆரம்பத்தில் இதைத் தோழிகளிடம் அவளே சொல்லிச் சிரித்ததுண்டு.

அவளுக்கு வேலை ஒரு சின்னக் கண்ணாடித் தொட்டியோடு. தொட்டி நிறைய ஆமணக்கெண்ணெய். அதற்குள் கடுகளவில் ஒரு சிலிகான் எண்ணெய்த் துளி. மாவில் புரட்டி எடுத்ததுபோல் துளியைச் சுற்றி நுண்ணிய பிளாஸ்டிக் தூள். இரண்டு பக்கமும் செப்புத் தகடு. உயர் மின்னழுத்தம் கொடுத்தால் துளி சப்பையாகும். நிறுத்தினால் பழையபடி உருண்டையாகிவிடும் என்பது மாமனார் பல மேடைகளில் பேசிப் பேர் வாங்கிய விஷயம்.

அவளுடைய துளி உருண்டையாகவில்லை. அது சுருங்கப் பார்த்தபோது மேலிருந்த தூள் ஒன்றையொன்று நெருக்கி, நகர இடமில்லாமல் இறுகிப்போனது. துளி கோணலும் சுருக்கமுமாக அப்படியே நின்றுவிட்டது.

"எண்ணெய் பழசா இருக்கும்மா" என்றார் அவர். புது எண்ணெய் ஊற்றினாள். "தூள்ல ஈரம் இருக்கும்" என்றார். உலர்த்திப் போட்டாள். துளி மசியவில்லை. கடைசியில் அவரே வந்து நுண்ணோக்கியில் கண் வைத்தார், வெகுநேரம் கண்ணை எடுக்கவில்லை. பக்கத்து மேசையில் மற்ற மாணவர்கள் இருந்தார்கள்.

"வீட்டுல பேசிக்கலாம்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

வீட்டில் சாப்பிடும்போது பேச்செடுத்தாள்.

"லேப் விஷயத்தை எல்லாம் இங்க கொண்டுவராதம்மா" என்றார்.

"ஆமா, என் வாணலியில இருக்கற எண்ணெயே எனக்குப் போதும்" என்றாள் மாமியார். கணவன் சிரித்தான். அறைக்குள் போனதும், "அப்பாகிட்ட நான் எப்படிச் சொல்றது? நீயே பாத்துக்கோ" என்று போர்வையை இழுத்துக்கொண்டான்.

அங்கே கேட்டால் இங்கே, இங்கே கேட்டால் அங்கே. வாரக்கணக்கில் இதே கதை.

ஒருநாள் காலை அவளும் மாமனாரும் ஆய்வகத்துக்குக் காரில் போகையில் பாலத்தின் மேல் நெரிசலில் மாட்டிக்கொண்டார்கள். முன்னால் ஒரு லாரி அசையாமல் நின்றது.

"இது வீடும் இல்ல, லேபும் இல்ல மாமா. இங்கயாவது பேசலாமா?"

அவர் ஹாரனிலிருந்து கையை எடுத்தார். "நீ பாத்தது சரிதான்."

"அப்போ கட்டுரையா எழுதட்டுமா?"

"அடுத்த வருஷம் எனக்கு ஓய்வு. அதுவரைக்கும் பொறுத்துக்கோயேன்."

அதட்டியிருந்தால் பதிலுக்கு அவளும் நாலு வார்த்தை கேட்டிருப்பாள். அவர் கெஞ்சினார். அதுதான் அவள் கையைக் கட்டிப்போட்டது. லாரியின் பின்பக்கத்தைப் பார்த்தபடியே சொன்னாள்.

"என்னால முடியாது மாமா. நான் வேற வழிகாட்டிகிட்ட மாறிக்கறேன்."

"கையெழுத்துப் போட்டுத் தரேன்" என்றார். "உங்க அத்தைகிட்ட நீ என்ன சொல்வே?"



சொன்னபடியே கையெழுத்துப் போட்டார். வீட்டில் மட்டும் வாய் திறக்கவில்லை. விஷயம் எப்படியோ காதுக்குப் போக, "எங்க வீட்டு மனுஷன்கிட்ட உனக்கென்ன குறை?" என்று கேட்ட மாமியார், அதற்குப் பிறகு அவளிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

புது வழிகாட்டி நல்ல பெண்மணி. "கண்டதைக் கண்டபடி எழுது" என்றார். "ஆனா அந்த மின்னழுத்தக் கருவி என்கிட்ட இல்லையே. பழைய இடத்துலயே செஞ்சுக்கோ. உன் மாமனார்தானே?"

ஆகவே அதே மேசை, அதே தொட்டி. போகவர அதே கார். கட்டுரை வெளிவந்தபோது மாமனார் அதைச் சாப்பாட்டு மேசையில் வைத்து முழுக்கப் படித்தார்.

"அளவெல்லாம் சரியா எடுத்திருக்கே" என்றார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கை கழுவப் போனார். அவள் தட்டுகளை அடுக்கி எடுத்துக்கொண்டு சமையலறைக்குள் போனாள். மாமியார் நகர்ந்து வழிவிட்டாள், திரும்பிப் பார்க்கவில்லை.