இக்தியோசார் புஸ்வாணம்

சீனிவாசகம் அண்ணாச்சி லேபிள் தாளை வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, தலைகீழாகத் திருப்பி, மறுபடி நேராக்கினார். "ஏலே தனுஷ்கோடி, இது என்னலே?"

"இக்தியோசார் அண்ணாச்சி. பாக்க மீன் மாதிரி, ஆனா பல்லி சாதி. கடல்ல கெடந்தது. கோடிக்கணக்கான வருசத்துக்கு முன்னாடியே அழிஞ்சுபோச்சு. இப்ப பாறையில எலும்பு மட்டுந்தான் கெடைக்குது."

எனக்கு என் வாய்தான் சத்துரு. அந்த 2006 தீபாவளி சீசனுக்கு, எந்தப் பட்டாசுக் கம்பெனிக்காரனும் போடாத படம் வேண்டும் என்று கேட்டவர் அவர்தான். கிளி, மயில், புலி எல்லாவற்றுக்கும் சிவகாசியில் ஆள் இருக்கிறது. பதினெட்டு வருஷமாக அவற்றையே பார்த்துப் பார்த்து வரைந்த கை இது. மகள் அழகுமீனா பள்ளிக்கூடத்திலிருந்து கொண்டுவந்த புத்தகத்தில் இதன் எலும்பைக் கண்டேன். சதையும் தோலும் நானே போட்டேன். கண்ணைத் தட்டு மாதிரி வட்டமாக, பெரிதாக வைத்தேன். ஒன்றின் வயிற்றுக்குள் குட்டியின் எலும்பும் இருந்ததாம். அதனால் வயிற்றைக் கொஞ்சம் உப்ப விட்டேன். நானாக வரைந்த முதல் படம். இது ஒரு சீசனாவது கடையில் உட்கார வேண்டும் என்று மனசு கிடந்து அடித்துக்கொண்டது.

"அழிஞ்சுபோனதையா எங் கம்பெனி தலையில ஒட்டப் பாக்க? அதுவும் தண்ணியில கெடந்தத! மருந்து நமத்துரும்லே. பேசாம பழைய கிளியவே போடு."

படம் மருந்தை நனைக்காது என்று சொல்லியிருப்பேன். வெளியே மழை தூறிக்கொண்டிருந்ததால் சொல்லவில்லை.

லேபிள் ஒட்டுகிற சண்முகத்தாய் எட்டிப் பார்த்தாள். "அண்ணாச்சி, இது வாயும் வயிறுமால்லா இருக்கு. புள்ளத்தாச்சியவா வெரட்டுதீக?"

அண்ணாச்சி மறுபடி அந்த வயிற்றைப் பார்த்தார். கடைசியில், "ரெண்டையும் கொளுத்திப் பாப்போம். கிளி செயிச்சா ஒம் படம் குப்பைக்கு" என்றார்.

இரண்டு புஸ்வாணம், ஒரே மருந்து, ஒரே கை அடைத்தது. ஒன்றில் கிளி, ஒன்றில் என்னுடையது. தூறல் விட்டதும் ஷெட்டுக்கு எட்டத்தில், ஈரப் பொட்டலில் வைத்தார்கள்.

கிளி புஸ்ஸென்று புகைந்து அணைந்தது. சிரிப்பை மறைக்க நான் தரையைப் பார்த்துக்கொண்டேன்.

என்னுடையதில் திரியே பிடிக்கவில்லை. மூன்றாம் தடவை கம்பி மத்தாப்பை நீட்டும்போது அண்ணாச்சி, "இருக்கன்குடி தாயே" என்று முனகினார். என் படத்துக்காக!

பற்றி எழுந்தது பாருங்கள், வேப்பமரத்து உயரம். சண்முகத்தாய் குலவையே போட்டுவிட்டாள்.

அடங்கிச் சூடு ஆறியதும் அண்ணாச்சி பக்கத்தில் போய்க் குந்தினார். லேபிளில் வால் கருகியிருந்தது, வயிறும் பாதி போயிருந்தது. அந்தத் தட்டுக் கண் மட்டும் மிஞ்சி அவரையே பார்த்தது. வேட்டி நுனியை எடுத்து, அதன் மேல் படிந்த கரியை மெதுவாகத் துடைத்தார்.