ஒரு விரல் நீள ஒயர்

ஜெயசீலனுக்குக் கை சும்மா இருக்காது. நன்றாக ஓடுகிற ஃபேனைக் கழற்றிப் பார்த்து ஓடாத ஃபேனாக்கிய புண்ணியவான் அவன். ஆனாலும் சுத்துக்கேணியில் வீட்டை ஒட்டிய தகரக் கொட்டகையில், பழைய இரும்பும் புது மோட்டாருமாகச் சேர்த்து, மரம் செதுக்குகிற சி.என்.சி. மிஷின் ஒன்றைத் தானே கட்டி நிறுத்தினான். அதையும் சொல்லத்தான் வேண்டும். ஒயர், மோட்டார் எல்லாம் அவன் பாடு. பலகையை ஏற்றி மிஷினை ஓட்டுவது அவன் பெண்சாதி ரோஸ்லின் பாடு.

மிஷினின் முன்பக்கம் உள்ளங்கை அளவில் ஒரு சிவப்பு பட்டன் இருந்தது. ஆபத்து என்றால் அதை அமுக்க வேண்டும். எல்லாம் நின்றுவிடும். தினமும் முதல் வேலையாக அதை அமுக்கிப் பார்த்துவிட்டுத்தான் பலகையைத் தொட வேண்டும் என்று ரோஸ்லினுக்குச் சொல்லிக் கொடுத்தது அவன்தான். அவள் ஒருபடி மேலே போய், அமுக்கிப் பார்த்தபின் கட்டைவிரலால் அதன்மேல் ஒரு சிலுவையும் போடுவாள். ஏசப்பாவுக்கு இந்த வேலை வேறயா என்று அவன் கேலி செய்வான்.

வில்லியனூர் ஆசாரி ஒருவர் பூசையறைக் கதவுக்குப் பிள்ளையார் செதுக்கக் கொடுத்திருந்தார். கிரகப்பிரவேசம் நெருங்கிவிட்டது. பார்த்து, அந்த நேரத்தில்தான் மிஷினுக்குக் கிறுக்குப் பிடித்தது. யாரும் தொடாமலே, சிவப்பு பட்டனை அமுக்கிய மாதிரி பாதியில் நின்றுவிடும். ஜெயசீலன் லிமிட் சுவிட்சை மாற்றினான், டிரைவை மாற்றினான், கம்ப்யூட்டரைத் திட்டினான். கடைசியில் கோளாறு பிடிபட்டது. பட்டனுக்குப் போகிற மெல்லிய ஒயரையும், செதுக்குகிற பிட்டைச் சுழற்றும் ஸ்பிண்டில் மோட்டாருக்குப் போகிற தடித்த ஒயரையும் அழகாக இருக்கட்டுமென்று ஒரே கட்டாகக் கட்டியிருந்தான். மோட்டார் வேகமெடுத்தால் அதன் மின் இரைச்சல் மெல்லிய ஒயரில் ஏறிவிடுகிறது, பட்டனை யாரோ அமுக்கிவிட்டதாக மிஷின் நினைத்துக்கொள்கிறது. மேலே வலை சுற்றிய ஷீல்டு ஒயர் வாங்கி, தனி வழியில் இழுக்க வேண்டும். நியாயமான வைத்தியம் அதுதான்.

நியாயத்துக்குப் பொறுமை வேண்டுமே. கண்ட்ரோல் பாக்ஸைத் திறந்து, பட்டனின் ஒயர் வந்து சேர்கிற இரண்டு திருகுக்கும் நடுவில் விரல் நீளத்துக்கு ஒரு மஞ்சள் ஒயர்த் துண்டை வைத்து முறுக்கினான். அதோடு பட்டன் இருந்தாலும் ஒன்றுதான், இல்லாவிட்டாலும் ஒன்றுதான். மிஷின் நிற்காமல் ஓடியது. ரோஸ்லினிடம் சரி பண்ணிவிட்டதாகப் பெருமையாகச் சொன்னான். துண்டு ஒயரைப் பற்றிச் சொல்லவில்லை. மறுநாள் ஷீல்டு ஒயரை வாங்கி வந்து சத்தமில்லாமல் மாற்றிவிட்டால் தீர்ந்தது என்பது அவன் கணக்கு.

மறுநாள் காலையில் மிஷினை அவனே போட்டுவிட்டான். பிள்ளையாரின் காது வருகிறவரை நின்று ரசித்தான். ரோஸ்லின் அடுப்படியிலிருந்து வந்தபோது, ஓடுகிற மிஷினை நிறுத்த வேண்டாம், பார்த்துக்கொண்டால் போதும் என்று சொல்லிவிட்டு மூலக்குளத்துக்கு வண்டியை எடுத்தான்.

மூலக்குளத்தில் எலக்ட்ரிக்கல் கடை வைத்திருக்கிற தணிகைவேல் கோளாறைக் கேட்டுவிட்டு ஒயரை அளந்துகொண்டே, இதை மாற்றுகிறவரைக்கும் மிஷினை நிறுத்தி வைத்திருக்கிறாயா என்று கேட்டான். ஜெயசீலன் சிரித்துக்கொண்டே துண்டு ஒயர் போட்ட சாமர்த்தியத்தைச் சொன்னான். அளந்துகொண்டிருந்த கை நின்றது.

“அப்ப இப்ப பட்டன அமுக்குனா இன்னா ஆவும்?”

“ஒன்னும் ஆவாது” என்றான் ஜெயசீலன்.

சொன்ன பிறகுதான் சொன்னது அவன் காதில் விழுந்தது. போனை எடுத்து ரோஸ்லினைக் கூப்பிட்டான். மணி அடித்து அடித்து ஓய்ந்தது. மரத்தூள் ஏறுமென்று வேலை நேரத்தில் போனை அடுப்படி அலமாரியில் வைத்துவிடுகிறவள் அவள். பக்கத்து வீட்டு வேலம்மாளைக் கூப்பிட்டால், அந்த அம்மாள் பாகூரில் காதுகுத்துக்குப் போயிருந்தாள். போனது மட்டுமில்லாமல், சாப்பிட்டாயா, வெயிலில் எங்கே சுற்றுகிறாய் என்று சாவகாசமாக விசாரிக்க ஆரம்பித்தாள். பதில் சொல்லாமல் போனை வைத்தான்.

ஒயர்ச் சுருளைத் தோளில் மாட்டிக்கொண்டு வண்டியைக் கிளப்பினான். வில்லியனூரில் ஒரு டவுன் பஸ், எனக்கென்ன அவசரம் என்று சாலையை அடைத்துக்கொண்டு ஆள் ஏற்றியது. ஹாரன் அடித்தான், ஓரத்துக் கடைப் பலகையில் இடித்துக்கொண்டு புகுந்தான், கடைக்காரன் வாயிலிருந்து நல்ல வார்த்தைகளாக வாங்கிக்கொண்டான். பத்துக்கண்ணு தாண்டியதும் சாலை காலியாகக் கிடந்தது. அதுவே வினையானது, மனசுக்கு ஓட இடம் கிடைத்துவிட்டது. துப்பட்டாவை முடிந்திருப்பாளா? பலகையைப் பிடித்திருக்கிற இரும்புக் கிளாம்புகளை நேற்று அவன்தான் வைத்தான். வலப்பக்கத்துக் கிளாம்பைக் கொஞ்சம் உள்ளே தள்ளி வைத்தோமோ? நினைவில்லை. ஸ்பிண்டிலில் மாட்டியிருக்கிற பிட் அந்த இரும்பில் மோதினால் அவள் என்ன செய்வாள்? பட்டனை அமுக்குவாள். அவன் சொல்லிக் கொடுத்ததைத்தானே செய்வாள்.

அவனுக்கு ஜெபம் சரியாக வராது. மிஷின் நின்றிருக்க வேண்டும், சத்தம் கேட்கக் கூடாது என்று மட்டும் வழியெல்லாம் வேண்டிக்கொண்டு வந்தான். வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தினான். சத்தம் கேட்கவில்லை. இப்போது அதுதான் பயமாக இருந்தது.

கொட்டகைக்குள் ரோஸ்லின் பிளாஸ்டிக் நாற்காலியில், மிஷினுக்கு எதிரே உட்கார்ந்திருந்தாள். இடது கண்ணுக்குச் சற்றுக் கீழே கீறல், அதிலிருந்து ரத்தம் தாடைவரை இறங்கிக் காய்ந்திருந்தது. பிள்ளையாரின் தும்பிக்கையிலிருந்து வலப்பக்கத்துக் கிளாம்பு வரை பலகையில் நீளமாக ஒரு பள்ளம். பிட் உடைந்து சிதறியிருந்தது. மின்சாரம் இல்லாத மிஷினில், அவள் அந்தச் சிவப்பு பட்டனை அமுக்குவதும் திருகி விடுவிப்பதுமாக இருந்தாள்.

“அமுக்குனன். நிக்கல” என்றாள். “மறுபடியும் அமுக்குனன். பிட்டு ஒடஞ்சி மூஞ்சில அடிச்சிது. ஓடிப்போயி மெயின ஆஃப் பண்ணன்.” பட்டனை இன்னொரு முறை அமுக்கினாள். “நான்தான் சரியா அமுக்கல போல. பதட்டத்துல கை வழுக்கிடுச்சோ இன்னாவோ.”

ஆமாம், வழுக்கியிருக்கும் என்று சொல்லிவிடலாம். அவள் நம்புவாள். துண்டு ஒயரைப் பிறகு பிடுங்கி எறிந்தால் ஈ காக்காய்க்குத் தெரியாது. அப்படி ஒரு கணம் அவனுக்குத் தோன்றியதை மறைப்பானேன், தோன்றத்தான் செய்தது. பிறகு அந்தக் காய்ந்த ரத்தத்தைப் பார்த்தான். கண் தப்பியது விரல்கடை இடைவெளியில். அவன்மேல் அவனுக்கே அருவருப்பாக இருந்தது. கண்ட்ரோல் பாக்ஸைத் திறந்து, திருகைத் தளர்த்தி, மஞ்சள் துண்டை எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தான். அது என்ன செய்யும் என்பதையும் சொன்னான்.

ரோஸ்லின் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“எப்ப போட்ட?”

“நேத்து.”

துண்டு ஒயரை நாற்காலியில் வைத்துவிட்டு எழுந்தாள். முகம் கழுவப் போனாள். கத்தியிருந்தால் தாங்கியிருப்பான். ஆஸ்பத்திரிக்கு அழைத்தான், வரவில்லை. மருந்து வாங்கி வந்து வைத்தான், அவளே போட்டுக்கொண்டாள்.

அன்றைக்கு அவன் சோறு தின்னவில்லை. ஒயர்க் கட்டைப் பிரித்தான். ஸ்பிண்டில் ஒயரை ஒரு பக்கம், புது ஷீல்டு ஒயரை மறுபக்கம் இழுத்தான். வலையின் ஒரு முனையைப் பாக்ஸுக்குள் எர்த்தில் முறுக்கினான். ஒவ்வொரு திருகையும் இழுத்துப் பார்த்தான், திரும்பவும் இழுத்துப் பார்த்தான். வெயில் சாய்கிற நேரத்தில் ரோஸ்லின் வந்து நின்றாள். முடிந்ததா என்றாள். முடிந்தது என்றான்.

“நேத்தும் அப்டிதான் சொன்ன” என்றாள். “கைய வை.”

அவனுக்குப் புரியவில்லை. அவள் பலகையைக் காட்டினாள், கிளாம்பு இருந்த இடத்தை. “அங்க வை. நான் ஓட்டறன். பட்டன நான் அமுக்கறன்.”

ஜெயசீலன் வலது கையைப் பலகையில் விரித்து வைத்தான். மிஷின் உயிர் பெற்றது. பிட் இல்லாவிட்டாலும் ஸ்பிண்டில் மூக்கு தாழ்வாக, உறுமிக்கொண்டு பள்ளத்தின் வழியே அவன் கையைப் பார்த்து வந்தது. நிதானமாகத்தான் வந்தது. ரோஸ்லினின் கட்டைவிரல் பட்டன்மேல் இருந்தது. அவள் அமுக்கவில்லை. தும்பிக்கையைத் தாண்டியது. அவள் அமுக்கவில்லை. அவன் மிஷினை விட்டுவிட்டு அவள் முகத்தைப் பார்த்தான். கீறலுக்கு மேலே அந்தக் கண் அசையாமல் அவனைப் பார்த்துக்கொண்டிருந்தது. கையை இழுத்துக்கொள்ளலாம், யாரும் கட்டி வைக்கவில்லை. இழுக்கவில்லை. சுற்றுகிற காற்று விரல் முட்டியில் பட்டது.

டக்கென்று ஒரு சத்தம். மிஷின் நின்றது. உறுமல் மெல்ல மெல்ல அடங்கியது.

ரோஸ்லின் கட்டைவிரலால் பட்டன்மேல் சிலுவை போட்டாள்.

“இப்ப நிக்குது” என்று சொல்லிவிட்டு, உலை வைக்கப் போனாள்.

ஜெயசீலன் கையைப் பலகையிலிருந்து எடுக்கவில்லை.