பன்னிரண்டாவது கடிகாரம்

இரண்டு லட்சத்து அறுபத்து மூவாயிரத்து ஐந்நூறு ரூபாய். பாபநாசத்தில் மளிகைக்கடை வைத்திருக்கும் யூனுஸ் பாய்க்குப் பஞ்சநதம் தர வேண்டிய பாக்கி அது. மகன் ராஜ்குமார் துபாய் போனபோது விசாவுக்கு வாங்கியதில் மிச்சம் கொஞ்சம்; விடுப்பில் வந்தவன் மஞ்சள்காமாலையில் படுத்தபோது ஆஸ்பத்திரிக்கு வாங்கியது மீதி. பாய் வட்டி வாங்குகிறவர் இல்லை. "நான் அடைச்சுடுறேம்பா" என்று சொல்லிக்கொண்டே பையன் போய்விட்டான். குடமுருட்டிக் கரை இடுகாட்டில் அவனுக்குக் குழி வெட்டியதும் பஞ்சநதம்தான். அவரைப் போல் நேராக வெட்ட ஊரில் வேறு ஆள் கிடையாது.

புதைக்கும்போது பையன் கையில் ஒரு கடிகாரம் இருந்தது. வட்டத்தைச் சுற்றிப் பச்சையும் வெள்ளையுமாகக் கற்கள். துபாய் முதலாளி கடிகாரம் சேர்க்கிறவராம். கட்டிக்கொள்வதில்லை, சேர்ப்பதோடு சரி. அங்கே பேய்மழை கொட்டி வீட்டுக்குள் தண்ணீர் ஏறிய அன்று, நாற்றுக்கட்டு சுமப்பதுபோல் கடிகாரப் பெட்டிகளைத் தலையில் சுமந்து மாடிக்கு ஏற்றியவன் ராஜ்குமார். அந்தச் சந்தோஷத்தில் ஒன்றை எடுத்துக் கொடுத்துவிட்டார். ஊரில் யாரும் நம்பவில்லை. "பஜார்ல நானூறு ரூவாடா இது" என்று கேலி செய்தார்கள். அவன் அதை அம்மா அம்சத்தின் காதில் வைத்துக் காட்டுவான்.

"பேட்டரி கெடையாதும்மா. கை ஆடுனாத்தான் ஓடும். நான் சும்மா கெடந்தா இதுவும் படுத்துரும்."

புதைத்த அன்று அம்சம் அதைக் கழற்ற விடவில்லை. ஆசையாகப் போட்டுக்கொண்டது, அவனோடே போகட்டும் என்றுவிட்டாள்.

பத்து மாதம் கழித்து, பையனுக்கு வேலை வாங்கிக் கொடுத்த சமீர் துபாயிலிருந்து வந்தான். யூனுஸ் பாயின் தங்கை மகன்.

"அண்ணே, அந்த வாட்சு உலகத்துலயே பன்னெண்டுதான் செஞ்சாங்களாம். பன்னெண்டும் மொதலாளிகிட்ட இருந்துச்சு. ஒண்ணு கொறஞ்சதால மத்ததுக்கும் மதிப்பில்லைன்னு சேக்குறவங்கல்லாம் சிரிக்கிறாங்களாம். மனுஷனுக்குச் சோறு எறங்கல. இருபது லட்சம் தர்றேங்குறாரு."

பஞ்சநதம் நக இடுக்கில் இருந்த மண்ணைச் சுரண்டிக்கொண்டிருந்தார். அம்சம்தான் பேசினாள்.

"பன்னெண்டுல ஒண்ணு கொறஞ்சதுக்கே சோறு எறங்கலியா? எங்ககிட்ட இருந்ததே ஒண்ணுதான் தம்பி. அந்த வாட்சு அவன் கையோட மண்ணுக்குள்ள இருக்கு."

சமீர் எழுந்தான். வாசல் வரை போனவன் திரும்பினான். "யூனுஸ் மாமா அவரு பொண்ணு ஷமீரா கல்யாணத்துக்குக் கடையை அடமானம் வைக்கப் போறாரு. உங்ககிட்ட மட்டும் கேக்கவே கூடாதுன்னுட்டாரு. அதான் நானா வந்தேன். தப்பா நெனச்சுக்காதீங்க."

அதுதான் பஞ்சநதத்தைக் குத்தியது. பாய் கேட்டிருந்தால் அறுப்பு முடியட்டும் என்று தவணை சொல்லலாம். கேட்காத மனிதரிடம் என்ன சொல்வது?

மேட்டூர் அணை திறந்தாயிற்று. நாலைந்து நாளில் ஆற்றில் தண்ணீர் வந்துவிடும். கரை ஊறினால் குழி நிற்காது. விடிந்ததும் மண்வெட்டியை எடுத்தார்.

"வேணாய்யா. அவன் கைய விட்டுரு" என்று அம்சம் குறுக்கே நின்றாள்.

"அடைக்கிறேன்னு சொன்னவன், அம்சம். அவன் சொன்ன சொல்லு அந்தரத்துல நிக்குது."

அவள் அதற்கப்புறம் தடுக்கவில்லை. கூடவே வந்து, குழிக்கு முதுகைக் காட்டி, காய்ந்த ஆற்றைப் பார்த்து உட்கார்ந்துகொண்டாள்.

நாற்பது வருஷம் வாய்க்கால் வெட்டிய கைக்கு இந்த மண் ஒரு மண்ணா? அன்று ஒவ்வொரு வெட்டுக்கும் மூச்சு வாங்கியது. ஆழம் போகப் போக மண்வெட்டியை வைத்துவிட்டுக் கையால் அள்ளினார். துணி தெரிந்ததும் கண்ணை மூடிக்கொண்டு தடவினார். கழற்ற வேண்டியே இருக்கவில்லை. பெட்டி சுமந்த அவன் கை அவ்வளவு சிறுத்துப் போயிருந்தது. கடிகாரம் தானாக நழுவி வந்தது.

குழியை மூடிவிட்டு வேட்டி நுனியால் துடைத்தார். கல் மினுங்கியது. முள் நகர்ந்துகொண்டிருந்தது. அவர் துடைத்த அசைவில் அது ஓட ஆரம்பித்திருந்தது.

அம்சத்தின் காதில் வைத்தார். கொஞ்ச நேரம் கேட்டாள்.

"நிறுத்துய்யா" என்றாள்.

அதை நிறுத்த அவருக்குத் தெரியவில்லை. பாபநாசம் வரை கை வீசி நடந்த நடைக்கு அது ஓடிக்கொண்டே வந்தது.

கடையில் சமீர் பூதக்கண்ணாடியை வைத்து எண்ணினான். "ஒரு கல்லுகூடப் போவல!" என்று சிரித்தவன், பஞ்சநதத்தின் மண் ஒட்டிய கையைப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டான். பாய் அதைத் தொடவே இல்லை.

"நான் கேக்கலியே, பஞ்சநதம்."

"கேட்டிருந்தா தோண்டியிருக்க மாட்டேன் பாய். நம்ம கடன் எவ்வளவோ, அத மட்டும் மொதலாளிகிட்ட வாங்கிக் கழிச்சுக்கங்க."

"மீதி?"

"மீதிய வாங்குனா புள்ள கைய வித்ததா ஆயிரும். கடனுக்குன்னா அவன் அடைச்சதா இருக்கும்."

பாய் வெகுநேரம் வாதாடிப் பார்த்தார். பஞ்சநதம் அசையவில்லை. கடைசியில் பாய் நோட்டை எடுத்தார். விசாவுக்குக் கடன் வாங்கிய பக்கத்தில் பஞ்சநதத்தின் பெருவிரல் ரேகை இருந்தது. அப்போது அவருக்கு எழுத்து தெரியாது. துபாயிலிருந்து ராத்திரிக்கு ஒரு எழுத்தாக போனில் சொல்லிக் கொடுத்தவன் ராஜ்குமார். பாய் கண்ணைத் துடைத்துக்கொண்டு 'பஞ்சநதம் வரவு' என்று எழுதப் போனார்.

"பேனாவ இப்படிக் குடுங்க பாய்."

வாங்கி, உதட்டை அசைத்து ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டி எழுதினார்:

ராஜ்குமார் வரவு 2,63,500. பாக்கி இல்லை.